உதவியாளர் வீட்டுக்கே வருவார்

எங்கள் பேரூராட்சியின் பெயரைச் சொல்ல மாட்டேன். காஞ்சிபுரத்தை ஒட்டி இருக்கிறது, பாதித் தெருக்களில் தறிச் சத்தம் கேட்கும், அந்த அளவுக்குத் தெரிந்தால் போதும். நான் இன்னும் அங்கிருந்துதான் பென்ஷன் வாங்குகிறேன்.

நான் அங்கே தட்டச்சராக இருந்தேன். சின்ன காஞ்சிபுரத்தில் கோயில் காரியம் பார்க்கும் குடும்பம் எங்களுடையது. பெண் பிள்ளைக்கு இவ்வளவு வாய் ஆகாது என்று என் அப்பா சொல்லாத நாள் கிடையாது. ஆபீசுக்குப் போனால் வாய் குறையும் என்று நினைத்தார் போலிருக்கிறது. பாவம், அவர் ஆபீஸைப் பார்த்ததில்லை.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் கழித்து மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஒவ்வொரு உள்ளாட்சிக்கும் வலைதளம் வேண்டும், அதில் சமூக நலச் சேவைகளும் ஊர்த் தகவல்களும் இருக்க வேண்டும் என்றது. எங்கள் செயல் அலுவலர் தென்மாவட்டத்துக்காரர். நேர்மையானவர், சுறுசுறுப்பும் அதிகம். இந்த இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்துவிட்டால் கீழே வேலை செய்கிறவர்கள் நிம்மதியாகச் சாப்பிட முடியாது. மாவட்டத்திலேயே முதல் வலைதளம் நம்முடையதாக இருக்க வேண்டும் என்று அன்றைக்கே சொல்லிவிட்டார்.

பேரூராட்சித் தலைவருடைய மச்சான் பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். வேலை அவருக்குத்தான் போகும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அவர் இங்கிலாந்தில் ஏதோ ஒரு ஊர் மன்றத்தின் வலைதளத்தை அப்படியே இறக்கி, மேலே இருந்த ஊர்ப் பெயரை அழித்து எங்கள் பெயரைப் போட்டுவிட்டார். அந்த ஊர் மேயர் கழுத்தில் ஒரு தங்கச் சங்கிலி இருந்தது. மேயர் தலையை மட்டும் எடுத்துவிட்டு அங்கே எங்கள் தலைவரின் தலையை வைத்தார்கள். தலைவர் அதைப் பார்த்து, உடம்பு கொஞ்சம் இளைத்திருக்கிறது, மற்றபடி நன்றாக இருக்கிறது என்றார்.

உள்ளே இருந்த இங்கிலீஷைத் தமிழாக்கும் வேலை என் தலையில் விழுந்தது. பனிக்காலத்தில் நடைபாதையில் உப்பு தூவப்படும் என்று ஒரு வரி. நான் அதை எடுத்துக்கொண்டு செயல் அலுவலரிடம் போனேன்.

"சார், நம்ம ஊர்ல நடைபாதையே இல்ல. பனியும் இல்ல."

"மார்கழியில பனி பெய்யலையா?"

"அது உப்பு போடற பனி இல்ல சார்."

"பரவாயில்ல, இருக்கட்டும். எடுத்தா பக்கம் காலியாத் தெரியும்."

அதனால் உப்பு இருந்தது. நாயை நடக்கக் கூட்டிப் போகிறவர்கள் கையில் பை வைத்திருக்க வேண்டும் என்பதும் இருந்தது. எங்கள் ஊரில் நாய்கள்தான் மனிதர்களை நடக்க வைக்கும், இருட்டிவிட்டால் ஓடவும் வைக்கும். அதற்கும் கீழே சமூக நலம் என்ற தலைப்பில் இப்படி ஒன்று இருந்தது: 'படுத்த படுக்கையாக இருப்பவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறீர்களா? உங்களுக்கும் ஓய்வு வேண்டும். தகவல் கொடுங்கள். எங்கள் உதவியாளர் வீட்டுக்கே வந்து பார்த்துக்கொள்வார்.'

அதை அடிக்கும்போது எனக்குக் கோபம்தான் வந்தது. மறுபடியும் போய் நின்றேன். யார் சார் அந்த உதவியாளர் என்று கேட்டேன். அவர் அந்த வரியை இரண்டு தடவை படித்தார். "படிக்க எவ்வளவு நல்லா இருக்கு பாருங்க" என்றார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சொல்ல வாய் வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன்.

வலைதளம் திறந்தது. உதவிக்கு அழைக்க ஒரு தொலைபேசி எண்ணும் போட்டோம். ஆபீசில் இருந்தது ஒரே ஒரு லைன். இன்டர்நெட்டும் அதே லைனில்தான் ஓட வேண்டும். வலைதளத்தின் அடியில் எத்தனை பேர் வந்து பார்த்தார்கள் என்று காட்டும் எண் ஒன்று ஏறிக்கொண்டே போகும். செயல் அலுவலர் காலையில் வந்ததும் அதைத் திறந்து பார்ப்பார், எண் ஒன்று ஏறும். மூடிவிட்டுத் திறப்பார், இன்னொன்று ஏறும். மக்கள் ஆர்வமாகப் பார்க்கிறார்கள் என்று தலைவருக்குச் சொல்லி அனுப்புவார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் உதவிக்கு அழைத்த யாருக்கும் லைன் கிடைத்திருக்காது.

இப்படி நாங்கள் சந்தோஷமாக இருந்தபோதுதான் அந்த அம்மா வந்தார்.

நாற்பத்தைந்து, ஐம்பது வயதிருக்கும். வீட்டிலேயே ராட்டினம் வைத்துப் பக்கத்து நெசவாளர்களுக்குப் பட்டு நூல் சுற்றிக் கொடுக்கிறவர். புருஷன் டீக்கடையில் மாஸ்டராக இருந்தவர், மூன்று வருஷத்துக்கு முன்னால் வாதம் வந்து விழுந்துவிட்டார். வலப்பக்கம் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. ஒரே மகளை ஆரணியில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். தலைப்பிரசவம். அது தாய் வீட்டில் நடப்பதுதானே வழக்கம்? ஒரே அறை, அதில் ஒரு கட்டில், கட்டிலில் அப்பா. மகளை எங்கே படுக்கவைப்பது? அதனால் மகள் மாமியார் வீட்டிலேயே இருந்துவிட்டாள். அம்மாவாவது அங்கே போய் நிற்க வேண்டும், ஆனால் இவரை விட்டுவிட்டு எப்படிப் போவது என்பதுதான் பிரச்சினை. மருமகன் ஆரணியில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் வேலை பார்த்தார். எங்கள் ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடியிருக்கிறார்.

"ஆள் அனுப்புறீங்களாமே சார்" என்றார் அந்த அம்மா. "எங்க மருமகன் படிச்சுக் காட்னாரு. அமாவாசைக்கு முன்ன பின்ன பொறந்துடும்னு டாக்டரம்மா சொல்லியிருக்குது. ரெண்டு மூணு நாளு போதும் சார். நான் இல்லன்னா பொண்ணு பயந்துரும்."

செயல் அலுவலருக்கு முகம் சிவந்துவிட்டது. "அது வந்தும்மா... சைட்டுக்காகப் போட்டது."

"சைட்டு யாருக்கு சார்?"

அவர் மேஜை மேல் இருந்த பேனாவை நேராக்கினார். மனு எழுதிக் கொடுங்கள், பரிசீலிக்கிறோம் என்றார். பிள்ளைப்பேறு பரிசீலனைக்குக் காத்திருக்குமா என்று நான் அந்த அம்மா பக்கம் திரும்பிச் சத்தமாகவே கேட்டேன். செயல் அலுவலர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்த அம்மா அழவில்லை, சண்டையும் போடவில்லை. பேப்பர் வாங்கி என்னையே மனு எழுதச் சொல்லி, கைநாட்டு இல்லை, கையெழுத்தாகவே போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் போன பிறகு எனக்கு மனசே சரியில்லை.

மனு மேஜையில் கிடந்தது. அதை எழுப்பியது மனிதாபிமானம் என்று நினைத்துவிட வேண்டாம். மாவட்டத்திலிருந்து ஒரு போன் வந்தது. பெரிய அதிகாரி எங்கள் வலைதளத்தைப் பார்த்து அசந்துபோயிருக்கிறாராம். வீட்டுக்கே ஆள் அனுப்பும் சேவையா, இந்த மாவட்டத்திலா, நேரில் வந்து பார்க்கிறேன் என்றாராம். சிறந்த வலைதளத்துக்குக் கேடயம் உண்டு என்ற பேச்சும் அடிபட்டது. செயல் அலுவலர் போனை வைத்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீரை மடமடவென்று குடித்தார்.

"அந்தம்மா மனு எங்க?" என்றார்.

ஒரு நாளைக்கு, அதுவும் பெரியவர் வந்து போகும் வரைக்கும், சேவை நடந்தாக வேண்டும். எந்த நாள் என்று முடிவு செய்ய எல்லாரையும் கூப்பிட்டார். அந்த அம்மா இருக்கும் தெருவில் தறிச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காதே, பெரியவர் பேசுவது கேட்க வேண்டுமே என்பது அவர் கவலை. வரி வசூலிப்பவர் உடனே வழி சொன்னார். "அமாவாசை அன்னிக்கு வெச்சுக்குங்க சார். எவனும் தறியில உட்கார மாட்டான். சத்தமே இருக்காது."

செயல் அலுவலருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. தென்பக்கத்துக்காரருக்கு இந்த ஊர் அமாவாசை தெரியாது. மற்ற நாளில் எல்லாரும் தறிக்குழிக்குள் காலை விட்டுக்கொண்டு குனிந்த தலை நிமிராமல் இருப்பார்கள், தெருவில் யானை போனாலும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். அமாவாசை அன்றைக்குத் தெருவே வாசலில் உட்கார்ந்திருக்கும். குளித்து, படைத்து, சாப்பிட்டுவிட்டு, சீட்டுக் கட்டும் ஊர்க் கதையுமாக யார் வீட்டுக்கு யார் வந்தார்கள் என்று பார்ப்பதைத் தவிர அவர்களுக்கு அன்று வேறு வேலையே கிடையாது. வரி வசூலிப்பவரே அந்த நாளில்தான் வசூலுக்குப் போவார், எல்லாரும் கையில் கிடைப்பார்கள் என்று. எனக்கும் இது தெரியும். என்னை யாரும் கேட்கவில்லை, நானாகச் சொல்லவும் எனக்குத் தோன்றவில்லை.

அமாவாசை வந்தது. செயல் அலுவலர், வரி வசூலிப்பவர், துப்புரவு மேற்பார்வையாளர், தலைவர், நான் என ஐந்து பேர் அந்த வீட்டுக்குப் போனோம். மேற்பார்வையாளர்தான் உதவியாளர் வேஷம். கால்நடை ஆஸ்பத்திரியில் இருந்து ஒரு வெள்ளைக் கோட்டு இரவல் வாங்கிப் போட்டிருந்தார். கட்டிலின் தலைமாட்டில் ஃபிளெக்ஸ் பேனர் கட்டினோம். அதில் தலைவர் அதே தங்கச் சங்கிலியோடு கும்பிட்டுக்கொண்டிருந்தார். கீழே படுத்திருந்த மனிதர் கண்ணை உருட்டி அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவருக்குப் பேச்சு வராதது தலைவருக்கு நல்லதாகப் போயிற்று.

அந்த அம்மா தலை வாரி, புதுசாக இல்லாவிட்டாலும் மடிப்புக் கலையாத சேலை கட்டி நின்றார். மூலையில் ஒரு வயர் கூடை. அதன் மேலே ஒரு பழைய வேட்டித் துணி மடித்து வைத்திருந்தது. பிறந்த பிள்ளையைச் சுற்றுகிற துணி என்று பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது.

என்னைச் சமையல் பக்கம் இழுத்தார். "காலையிலதான் பக்கத்து வீட்டுக்குப் போன் வந்துச்சு மேடம். வலி எடுத்துருச்சாம். ஆஸ்பத்திரில சேத்துக்கினாங்களாம். நீங்க வந்துட்டீங்க, இனிமே நான் போலாமில்ல?"

அவர் கேட்டது நாடகத்தைப் பற்றி இல்லை. பேனரையும் வெள்ளைக் கோட்டையும் அவர் அப்படியே நம்பியிருந்தார். இது போட்டோவுக்கு அம்மா, சாயங்காலம் நாங்கள் போய்விடுவோம் என்று நான் சொல்லியிருக்கலாம். கட்டில் பக்கம் பார்த்தேன். நான்கு ஆம்பிளைகள், அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவர்கள், தலைவரைத் தவிர. ஒரு ஆளைப் பார்த்துக்கொள்ள இவர்களால் முடியாதா?

"போங்கம்மா. தைரியமாப் போங்க" என்றேன்.

அவர் கட்டிலுக்கு வந்து எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னார். கஞ்சி எங்கே இருக்கிறது, எந்தப் பக்கமாக ஊட்ட வேண்டும், எத்தனை நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இடது கையால் கட்டிலைத் தட்டினால் ஒண்ணுக்கு என்று அர்த்தம். செயல் அலுவலர் என் காதருகில் குனிந்து, "எவ்வளவு அழகாப் பேசறாங்க, பெரியவர் வந்ததும் இதையே சொல்லச் சொல்லுங்க" என்றார். ஒத்திகை என்று நினைத்துக்கொண்டார். அந்த அம்மா புருஷன் நெற்றியைத் தொட்டு, "பொண்ணப் பார்த்துட்டு வந்துர்றேன்பா" என்றார். கூடையை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டிவிட்டார்.

"காபித்தூள் வாங்கப் போறாங்களா?" என்றார் தலைவர்.

"இருக்கும்" என்றேன்.

பெரியவர் தாமதமாகத்தான் வந்தார். பேனரைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. இவர் சம்சாரம் எங்கே என்று கேட்டார். செயல் அலுவலர் ஒரு நொடி திணறி, "ஓய்வெடுக்கப் போயிருக்காங்க சார்" என்றார். பிரமாதம், இதுதான் சேவை என்று பெரியவர் அவர் தோளில் தட்டினார். போட்டோ எடுத்தார்கள். கார் கிளம்பியது. தலைவர் அந்தக் காரின் புழுதி அடங்குவதற்குள் தன் காரில் ஏறினார். வரி வசூலிப்பவர், அமாவாசை, எல்லாரும் வீட்டில் இருப்பார்கள், வசூல் பார்க்க வேண்டும் என்று நழுவினார்.

வெயில் தாழ ஆரம்பித்தது. காபித்தூள் வரவில்லை. செயல் அலுவலர் வாசலுக்குப் போய் எதிர்வீட்டு நெசவாளரைக் கேட்டார். அவர் சீட்டைக் கீழே வைக்காமலே சொன்னார்: "அவங்க அப்பவே ஆரணிக்குப் பஸ் ஏறிட்டாங்களே சார். பொண்ணுக்குப் பிரசவம். நீங்கதான் பார்த்துக்கினு இருக்கப் போறீங்கன்னு தெரு பூரா சொல்லிட்டுப் போச்சு. நல்ல காரியம் பண்றீங்க சார்."

செயல் அலுவலர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் பேனரைப் பார்த்தேன்.

கதவைச் சாத்திவிட்டுக் கிளம்பிவிடலாம் என்று அவர் நினைத்தது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் தெருவைப் பார்த்தார். இரண்டு பக்கமும் வாசலுக்கு வாசல் ஆட்கள், எல்லார் கண்ணும் இந்த வீட்டு மேல். தறி ஓடும் நாளாக இருந்தால் ஒருவருக்கும் தெரியாமல் போயிருக்கலாம். சத்தமில்லாத நாளாகப் பார்த்து அவரேதான் தேர்ந்தெடுத்தார். அந்த நேரத்தில் உள்ளேயிருந்து கட்டிலைத் தட்டும் சத்தம் கேட்டது.

மேற்பார்வையாளர் வெள்ளைக் கோட்டைக் கழற்றி மடித்து என்னிடம் கொடுத்தார். "சார், நான் ஒரு ஆளாத் தூக்க முடியாது. நீங்க கால் பக்கம் பிடிங்க" என்றார். செயல் அலுவலர் பிடித்தார். வேறு வழி என்ன இருந்தது? அவ்வளவு சுத்தமான ஆள், மேஜை மேல் பேனா நேராக இல்லாவிட்டால் கத்துகிறவர், அன்று செய்ததை எல்லாம் எழுதினால் அவர் கோபித்துக்கொள்வார். முதல் வாய்க் கஞ்சி அவர் சட்டை மேலேயே வந்து விழுந்தது. நான் சிரித்துவிட்டேன். கட்டிலில் இருந்தவரும் இடது பக்க வாயால் சிரித்தார். சிரிப்பு போகவில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

தெருக்காரர்களோடு பேரம் பேசினோம். ராத்திரி எதிர்வீட்டுக்காரர் வந்து படுத்துக்கொள்வார், மறுநாளிலிருந்து தறி ஓடும் என்பதால் பகலில் பேரூராட்சி வர வேண்டும் என்று முடிவாயிற்று. அந்த இரண்டு மூன்று நாளும் நாங்கள் மாறி மாறிப் போனோம். செயல் அலுவலர் தன் முறைக்கு ஒழுங்காக வந்தார். முதல் நாள் கடுகடுவென்று இருந்தவர், அடுத்த நாள் போகும்போது ஒரு டிரான்சிஸ்டரும் கொண்டுபோனார்.

அதற்குள் ஆபீசில் வேறு கூத்து. அமாவாசை அன்று பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? மறுநாளே ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். தாமலில் இருந்து ஒரு கிழவர் வந்தார், மனைவிக்குக் கண் தெரியாது, எங்கள் எல்லைக்குள்ளேயே அவர் ஊர் வராது. இடுப்பு ஒடிந்த மாமியாரை வைத்திருக்கும் மருமகள் வந்தாள். புத்தி சரியில்லாத மகனை வைத்திருக்கும் தாய் ஒருத்தி வந்தாள், அவள் கேட்டது ஒரே ஒரு மத்தியானம். கதவுக்குப் பின்னால் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று வரி போடுகிற எங்களுக்குத் தெரியவே இல்லை. அவர்களில் பாதிப் பேர் நேராகத் தலைவர் வீட்டுக்கும் போனார்கள். தலைவர் மச்சானைக் கூப்பிட்டார். ஒரு டீ குடிக்கும் நேரத்தில் அந்தப் பக்கம் வலைதளத்திலிருந்து காணாமல் போயிற்று. வந்தவர்களிடம் அப்படி ஒரு சேவை இல்லை என்று சொல்லும் வேலையும் எனக்கே வந்தது. அந்தத் தாயிடம் சொல்லும்போது எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

அந்த அம்மா திரும்பி வந்த நாள் செயல் அலுவலர் முறை. நானும் பகல் சாப்பாடு கொடுக்கப் போயிருந்தேன். பேத்தி பிறந்திருக்கிறது என்றார். செயல் அலுவலர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றார், நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்து. அந்த அம்மா அவரைக் கவனிக்கவே இல்லை. புருஷனைப் புரட்டி முதுகைப் பார்த்தார், இடுப்பைப் பார்த்தார், குதிகாலைப் பார்த்தார். "புண்ணு இல்ல" என்றார். அதன் பிறகுதான் தரையில் உட்கார்ந்தார்.

"பிரசவத்துக்குச் சரியாப் போய்ச் சேர்ந்துட்டீங்களாம்மா?" என்று கேட்டேன்.

அந்த அம்மா கூடையைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார். "ஆரணி பஸ்ஸுல அமாவாசைக் கூட்டம். ஆரணி வழியாப் போற திருவண்ணாமலை பஸ்ஸுல சீட்டு கிடைச்சுது, அதுல ஏறிட்டேன். ஜன்னலாண்ட உட்கார்ந்தேன். பாலாறு பாலம் வந்துதா இல்லையான்னுகூட எனக்குத் தெரியாது மேடம். தூங்கிட்டேன். மூணு வருஷமா நான் முழுசாத் தூங்குனதே இல்ல. எந்நேரமும் கட்டில் தட்டுற சத்தத்துக்குக் காது வெச்சுக்கினே இருப்பேன். அன்னிக்கு அந்தச் சத்தம் இல்லையா... போளூர்ல எழுப்புனாங்க. ஆரணி எப்பவோ போயிடுச்சு. இறங்கி, வேற பஸ் பிடிச்சு நான் போறதுக்குள்ள பொறந்துடுச்சு. எங்கேம்மா இருந்த நீன்னு பொண்ணு அழுவுது. தூங்கிட்டேன்னு எப்படிச் சொல்றது? பஸ்ஸு கெட்டுப்போச்சுன்னு சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். எதற்கும் ஒரு வார்த்தை வைத்திருக்கிற நான் அன்று சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து அவர் பக்கம் தள்ளினேன். செயல் அலுவலர் போய் டிரான்சிஸ்டரின் சத்தத்தைக் குறைத்தார்.

கேடயத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. பக்கத்தையே எடுத்துவிட்டார்கள், ஆனாலும் அறிக்கை போக வேண்டுமாம். 'சேவையால் பயனாளி அடைந்த பலன்' என்று ஒரு இடம். என்ன அடிக்கட்டும் சார் என்று கேட்டேன். செயல் அலுவலர் படிவத்தை வாங்கி அந்த இடத்தைப் படித்தார். "பயனாளி பேருந்தில் நன்றாகத் தூங்கினார்னு அடிங்க" என்றார். கிண்டல் செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. அப்படியே அடித்தேன்.

ஒரு வாரத்தில் அது திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில், 'பலன் தெளிவாக இல்லை. திருத்தி அனுப்பவும்' என்று எழுதியிருந்தார்கள்.

நான் அதை அவர் மேஜையில் வைத்தேன். படித்தார். மறுபடி என்னிடமே நீட்டினார்.

"அதையே அடிங்க" என்றார்.